லிற்றராற்றி: ஒருமையில் நிற்காத ஒரு சொல்

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு ஒரேயொரு ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். எல், ஐ, ரி, ஈ, ஆர், ஏ, ரி, ஐ. எட்டு எழுத்து. கற்றோர் கூட்டத்தைக் குறிக்கும் சொல்: லிற்றராற்றி. உயர்தர வகுப்பில் ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளும், செய்தி மொழிபெயர்ப்பவர்களும், விழா அழைப்பிதழை இரண்டு மொழியிலும் அச்சிடுகிற மன்றத்தினரும் அடிக்கடி தடுக்கி விழுகிற சொல் இது.

முதலில் உச்சரிப்பு. நான்கு அசை. அழுத்தம் மூன்றாவது அசையான 'ரா'வில் விழவேண்டும். 'லிற்றரேச்சர்' என்று சொல்லிப் பழகிய நாக்கு முதல் அசையையே அழுத்தும், அதுதான் பிழை. இடையில் வரும் 'ரி' ஒலிக்கு வெற்றி, காற்று என்ற சொற்களில் வரும் எங்கள் 'ற்ற' மிக நெருக்கமானது. அப்படியே சொல்லுங்கள், சரியாக வரும். எழுதும்போது பலர் இரண்டு 'ரி' அடுத்தடுத்துப் போடுகிறார்கள். கடிதத்தைக் குறிக்கும் 'லெற்றர்' என்ற சொல்லில் இரண்டு உண்டு, அந்தப் பழக்கம். இதில் ஒன்றுதான்.

இதன் வேர் லத்தீன். 'லித்தெரா' என்றால் எழுத்து. எழுத்து வாய்க்கப்பெற்றவர், அதாவது எழுத்தால் தேறியவர், என்ற பொருளில் அமைந்த பெயரடையின் பன்மைதான் ஆங்கிலத்துக்கு வந்தது. எழுதுகிறவர் என்பதல்ல பொருள். அதனால் இதை 'எழுத்தாளர்கள்' என்று பெயர்த்தால் பொருள் சுருங்கிவிடும். ஒரு வரிகூட அச்சில் வராத பெரும் படிப்பாளியும் இந்த வட்டத்துக்குள் அடங்குவார். 'லிற்றரேற்' என்பதும் இதே வேர்தான். ஆனால் அதற்கு எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதே வழக்கமான பொருள். எழுத்தறிவு வீதம் என்று புள்ளிவிபரத்தில் வருகிறதே, அது அந்தச் சொல். இரண்டையும் குழப்பினால் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் எல்லாரும் அறிஞராகிவிடுவார்கள்.

இனி இலக்கணம். அதிகம் பிழைபடுவது இங்கேதான். சொல் ஏற்கெனவே பன்மை. ஆகவே கடைசியில் 'எஸ்' சேர்க்கக்கூடாது. முன்னால் ஒருமையைக் காட்டும் 'ஏ' போடக்கூடாது. வினை 'ஆர்' என்றுதான் வரவேண்டும், 'இஸ்' வராது. ஒருவரை மட்டும் சொல்லவேண்டுமென்றால்? லத்தீன் ஒருமை 'லிற்றராற்றஸ்' அகராதியில் உண்டு, பேச்சிலும் எழுத்திலும் இல்லை என்றே சொல்லலாம். 'ஸ்கொலர்' என்று எழுதிவிடுவதே நல்லது.

எங்கள் ஊர் உதாரணம் ஒன்று. சுவாமி விபுலாநந்தர் 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்தியவர். விஞ்ஞானப் பட்டதாரி, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர், 1947இல் வெளிவந்த யாழ்நூலைத் தந்தவர். அவரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் 'ஏ லிற்றராற்றி' என்று எழுதினால் அந்த 'ஏ' ஒன்றே வாக்கியத்தைக் கெடுத்துவிடும். இதே ஊரில் பிறந்த தமிழறிஞர் தி. த. கனகசுந்தரம்பிள்ளை, 1895இல் மோகனாங்கி நாவலை வெளியிட்ட அவருடைய தம்பி சரவணமுத்துப்பிள்ளை, இவர்களைப் போன்றோரைச் சேர்த்து, 19ஆம் நூற்றாண்டின் திருகோணமலை லிற்றராற்றி என்று ஆங்கிலத்தில் எழுதலாம். அது சரியான பிரயோகம். ஏனென்றால் சொல் எப்போதும் ஒரு கூட்டத்தையே பார்க்கிறது.

எந்தக் கூட்டம் என்பதை வாக்கியம்தான் சொல்லும். லண்டன் லிற்றராற்றி என்று பத்திரிகையில் வந்தால் அங்குள்ள இலக்கிய வட்டாரத்தினர்: எழுத்தாளர், விமர்சகர், பதிப்பாளர் எல்லாரும் சேர்த்தி. சீன வரலாற்று நூலில் வந்தால் கதையே வேறு. அங்கே பாடநூல்களைக் கற்று, அரச பரீட்சையில் தேறி, உத்தியோகம் பார்த்த வகுப்பினரைக் குறிக்கும். 1905இல் அந்தப் பரீட்சை நிறுத்தப்படும்வரை நாட்டு நிர்வாகம் அவர்கள் கையில் இருந்தது. வரி அறவிட்டவர்களும் வழக்கு விசாரித்தவர்களும் அவர்களே. இவர்களை 'இலக்கியவாதிகள்' என்று பெயர்த்தால் வாசகர் அடுத்த பந்தியிலேயே திகைத்துப்போவார். 'கற்றோர் வகுப்பு' அல்லது 'கற்ற அதிகாரிகள்' பொருந்தும். அவர்கள் ஓய்வுநேரத்தில் மையால் தீட்டிய ஓவியங்களையும் இதே சொல்லால் அழைப்பார்கள். அதை இலக்கிய ஓவியம் என்பது தவறு. கற்றோர் ஓவியம் என்றால் போதும்.

'சான்றோர்' என்று போடலாமே என்று பலருக்குத் தோன்றும். அழகான சொல், ஆனால் வேண்டாம். திருக்குறளில் கல்வி 40ஆவது அதிகாரம், சான்றாண்மை 99ஆவது. வள்ளுவர் இரண்டையும் ஒன்றாக வைக்கவில்லை. சான்றோர் என்பதில் குணம் முந்தி நிற்கிறது. லிற்றராற்றியில் குணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. படிப்பும் அதனால் கிடைத்த இடமும் மட்டுமே. சில ஆங்கிலப் பத்திரிகைகள் இதைச் சற்று ஏளனத்தோடும் எழுதுவதுண்டு. அந்தத் தொனியில் சான்றோரைக் கொண்டுபோய் இருத்துவது எங்கள் சொல்லுக்குச் செய்கிற அநியாயம்.

இந்தத் தொனிக்காகவே அழைப்பிதழிலும் கவனம் தேவை. 'இலக்கிய ஆர்வலர்கள் அனைவரும் வருக' என்பதற்கு நேரே ஆங்கிலத்தில் லிற்றராற்றி என்று அச்சிட்டால் பொருள் மாறிவிடும். ஆர்வலர் வாசிக்க விரும்புகிறவர். லிற்றராற்றி என்போர் ஏற்கெனவே பெயர் எடுத்தவர்கள். 'லவர்ஸ் ஒவ் லிற்றரேச்சர்' என்றே போடுங்கள், பள்ளிப் பிள்ளையும் தயங்காமல் வரும்.

பக்கத்தில் நிற்கும் இன்னொரு சொல்லையும் பார்த்துவிடுவோம். 'பண்டிற்' எங்கள் பக்கத்திலிருந்தே, சமஸ்கிருத 'பண்டித' என்பதிலிருந்து, ஆங்கிலத்துக்குப் போனது. போன இடத்தில் இப்போது தொலைக்காட்சியில் கருத்துச் சொல்பவரைக் குறிக்கிறது. இங்கே பண்டிதர் என்றால் பிரவேசம், பாலபண்டிதம் என்று படிப்படியாகப் பரீட்சை எழுதி வாங்கிய பட்டம். ஆகவே விளையாட்டுச் செய்தியில் 'கிரிக்கெட் பண்டிற்' என்று வந்தால் 'கிரிக்கெட் விமர்சகர்' என்று எழுதுங்கள், பண்டிதரை மைதானத்துக்கு அழைக்காதீர்கள். நன்றி, வணக்கம்.