ரிப்போர்ட்டில் 37 என்று இருந்தால் என்ன அர்த்தம்?

வணக்கம். டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிப்பதில் வரும் சிரமம்) இருக்குமோ என்று பிள்ளையைப் பரிசோதனைக்கு அழைத்துப்போன பெற்றோர்கள் பலர் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறீர்கள். அதிகம் வருகிற கேள்வி இதுதான்: "மொழித் தேர்வில் பெர்சன்டைல் 37 என்று போட்டிருக்கிறார்கள். இவ்வளவு குறைவா?"

குறைவே இல்லை. 35 எடுத்தால் பாஸ் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம், அந்தக் கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது. அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேர் இருந்தால் ஏறக்குறைய 37 பேர் உங்கள் பிள்ளையின் அளவிலோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்டாண்டர்டு ஸ்கோரில், அதாவது அதே வயதினரோடு ஒப்பிட்டுப் போடும் மதிப்பெண்ணில், அது 95. சராசரி 100. 85 முதல் 115 வரை பெரும்பாலான பிள்ளைகள் இருக்கும் வரம்பு. தேர்வுக்குள் வரும் சிறு சிறு உட்பிரிவுகளுக்கு அளவுகோலே வேறு, அங்கே சராசரி 10. "எட்டுதான் வாங்கினாயா" என்று பிள்ளையைத் திட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பேசுவதையும் கேட்டுப் புரிந்துகொள்வதையும் அளக்கும் செல்ஃப்-5 (CELF-5) போன்ற வாய்மொழித் தேர்வுகளில் எல்லோரும் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை மூடிவிடுகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது அதுதான். கேட்டுப் புரிந்துகொள்வதில் 110, தானாகப் பேசுவதில் 82 என்றிருந்தாலும் மொத்தம் சராசரியாகவே தெரியும். பிள்ளை வகுப்பில் படுகிற பாடு அந்த எண்ணில் தெரியாது. அதனால் உட்பிரிவுகள் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அதில் நான் முதலில் தேடுவது, வாக்கியத்தைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லும் பகுதியை. வாக்கியம் நீளும்போது மட்டும் சொற்கள் நழுவுகின்றனவா, அல்லது சின்ன வாக்கியத்திலேயே இலக்கணம் குலைகிறதா? மதிப்பெண் ஒன்றாக இருந்தாலும் சிக்கல் ஒன்றல்ல. பிள்ளை என்ன சொன்னது என்று தேர்வு நடத்தியவரிடமே கேளுங்கள்.

ஒலிகளைப் பிரித்தறிவதற்குத் தனித் தேர்வு உண்டு. சிடாப்-2 (CTOPP-2) அப்படிப்பட்டது. சொல்லிலிருந்து ஓர் ஒலியை நீக்கிச் சொல்வது, எழுத்துகளையும் எண்களையும் வேகமாகப் பெயர் சொல்வது எல்லாம் அதில் வரும். டிஸ்லெக்சியா உள்ள பல பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான்.

1986-இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் எளிமையாகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிதல். கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று பலவீனமானால் மற்றொன்று அதை ஈடுகட்டிவிடாது. கேட்டால் நன்றாகப் புரிகிறது, ஒலியில்தான் சிக்கல் என்றால், எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக, முறையாகக் கற்பிக்க வேண்டும். அதுவரை பாடத்தை வாசித்துக் காட்டுங்கள், வாசிப்பு வரவில்லை என்பதற்காக அறிவுக்குப் பட்டினி போடாதீர்கள். வாய்மொழியும் குறைவாக இருந்தால் ஒலிப் பயிற்சி மட்டும் போதாது. சொல்வளம், வாக்கிய அமைப்பு, கதையைத் திருப்பிச் சொல்வது எல்லாம் சேர்ந்து வர வேண்டும்.

இன்னொன்று. செல்ஃப்-5-இன் அமெரிக்க ஆங்கிலப் பதிப்புக்கான அளவுகோல் அமெரிக்கப் பிள்ளைகளை வைத்து அமைந்தது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு அதில் சொல்வளம் குறைந்தால், ஆங்கிலம் போதுமான அளவு காதில் விழாததும் காரணமாகலாம். உண்மையான மொழிக் குறைபாடு தமிழிலும் தெரியும். பிள்ளை தமிழில் ஒரு கதை சொல்வதைத் தொலைபேசியில் பதிவுசெய்து பேச்சு தெரபிஸ்டிடம் கொண்டுபோங்கள். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாக விளக்குங்கள்.