பேச வராதவருக்கும் பேச்சுத்துணை வேண்டும்

அவையோருக்கு வணக்கம்.

கூச்சத்தைப் பற்றிப் பேச ஒருவரை அழைத்து, ஒலிபெருக்கிக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள். அசல் கூச்சக்காரர் இந்த அழைப்பை ஏற்றிருக்கவே மாட்டார். ஆகவே, இந்த விஷயத்தில் என்னைவிட அனுபவம் மிகுந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்கிறேன். அவர் மோகன்தாஸ் காந்தி. ஊருக்கு ஊர் சிலையாக நிற்கும் காந்தியை ஒருபுறம் வைத்துவிட்டு, 18 வயதுக் காந்தியைப் பார்ப்போம்.

1888 செப்டம்பரில் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கப்பல் ஏறினார். கப்பலில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாது. புலால் உண்பதில்லை என்று தாயிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். எந்தப் பண்டத்தில் இறைச்சி இல்லை என்று பரிமாறுகிறவரைக் கேட்க வேண்டும். அதற்கு வாய் எழவில்லை. கையோடு கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் அறைக்குள்ளேயே தின்று நாட்களைக் கடத்தினார். உடன் வந்த மஜ்முதார் என்ற வக்கீல், நாலு பேரோடு பழகு என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை. பள்ளிநாளிலும் இதே கதைதான். மணி அடிக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து, பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடிவிடுவாராம். யாராவது கேலி பேசிவிடுவார்களோ என்ற பயம். இதையெல்லாம் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இப்படி ஒரு பிள்ளை இருந்தால் வீட்டில் என்ன சொல்கிறோம்? “அவன் யாரோடும் ஒட்டமாட்டான்”, “அவளுக்குத் தனியாக இருந்தால்தான் பிடிக்கும்.” பிள்ளையைக் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். லண்டனில் இறங்கிய அந்த இளைஞர் என்ன செய்தார் தெரியுமா? 3 பவுண்டு கட்டி நடன வகுப்பில் சேர்ந்தார். கால் தாளத்தோடு சேரவில்லை. காது பழகட்டும் என்று இன்னொரு 3 பவுண்டுக்கு வயலின் வாங்கினார். பேச்சுக்கலை கற்றுத்தர ஓர் ஆசிரியரையும் பிடித்தார். உயரமான தொப்பி, நாகரிகக் கடைவீதியான பாண்ட் தெருவில் தைத்த உடுப்பு வேறு. மனிதர்களே வேண்டாம் என்கிறவன் செய்கிற செலவா இது? அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருக்கவேண்டும் என்ற தவிப்பு இல்லாமல் எவன் இவ்வளவு பாடுபடுவான்? சில மாதங்களில் வயலினை விற்றுவிட்டார். பேச்சு மட்டும் வந்தபாடில்லை.

அவருக்கு உதவியது பிரைட்டன் என்ற கடற்கரை ஊரில் சந்தித்த ஒரு மூதாட்டி. விடுதி மேசையில் உணவுப் பட்டியல் பிரெஞ்சு மொழியில் இருந்தது. இளைஞர் விழித்துக்கொண்டிருப்பதை அந்த அம்மாள் கவனித்து, ஏன் ஒன்றும் வாங்கவில்லை என்று தாமே விசாரித்தார். எதைச் சாப்பிடலாம் என்று விளக்கினார். லண்டன் முகவரியைக் கொடுத்து ஞாயிறுதோறும் சாப்பிட வரச் சொன்னார். அங்கே இளம்பெண்களை அறிமுகப்படுத்திப் பேசவும் வைத்தார். முதலில் காந்திக்கு உடம்பு கூசியது. பிறகு எப்போது ஞாயிற்றுக்கிழமை வரும் என்று காத்திருக்கத் தொடங்கினார்.

அதில் ஒரு சிக்கல். தமக்குத் திருமணமாகிவிட்டதை அவர் சொல்லவில்லை. அன்று அங்கே படித்த இந்திய மாணவர்கள் பலர் அப்படித்தான் மறைத்தார்கள். பேச்சு கல்யாணத்தின் திசையில் போவது தெரிந்ததும், நேரில் சொல்ல நா எழாமல் கடிதம் எழுதினார். எழுதி, எழுதித் திருத்தி அனுப்பினார். ஆசையாகப் போய்வந்த வீடு. அதன் கதவு சாத்தப்படலாம் என்று தெரிந்தே எழுதினார். அம்மாளிடமிருந்து பதில் வந்தது: படித்துவிட்டு நன்றாகச் சிரித்தோம், வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள் என்பது அதன் சாரம். அந்த அம்மாளின் பெயரைக் காந்தி தம் சுயசரிதையில் குறிப்பிடவில்லை. என்னைக் கேட்டால், பேச்சுக்கலை ஆசிரியருக்குக் கொடுத்த பணம் அவருக்குச் சேரவேண்டியது!

மேடைக் கூச்சம் அதற்குப் பிறகும் போகவில்லை. வென்ட்னர் என்ற ஊரில் எழுதி எடுத்துச்சென்ற ஒரு தாள் உரையை வாசிக்க முடியாமல் கை நடுங்கியது; மஜ்முதார்தான் வாசித்தார். 1891இல் தாமே கொடுத்த பிரிவு விருந்தில், தயாரித்துப் போன நகைச்சுவை முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டது. நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். பம்பாயில் 30 ரூபாய்க் கட்டணத்தில் முதல் வழக்கு. குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுற்றியது. வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில்தான் நா அசைந்தது. அங்கிருந்த இந்திய வணிகர்களைக் கூட்டி, வியாபாரத்தில் உண்மையாக இருப்பது பற்றியும் அங்கே இந்தியர்கள் படும் அவதி பற்றியும் பேசினார். தம் வாழ்வின் முதல் பொதுப்பேச்சு என்று இதைத்தான் சொல்கிறார். நிறத்தைக் காரணம் காட்டி மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் அவர் இறக்கிவிடப்பட்டு அதிக நாள் ஆகவில்லை. தாம் எப்படித் தோன்றுகிறோம் என்ற கவலைக்கு அன்று மனத்தில் இடமில்லாமல் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பேச்சைவிட எனக்குப் பிடித்தது அதற்குப் பின் நடந்தது. விருப்பமுள்ளவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன் என்றார். மூன்று பேர் முன்வந்தார்கள்: ஒரு நாவிதர், ஓர் எழுத்தர், ஒரு சிறுகடைக்காரர். அவர்களால் வரமுடியாததால் இவரே அவர்கள் இடம் தேடிப் போனார். சில நாள் அவர்கள் வேலையில் மூழ்கியிருப்பார்கள், இவர் பொறுத்திருப்பார். நாவிதருக்கு வாடிக்கையாளரோடு பேசும் அளவு ஆங்கிலம் போதும். நடன வகுப்பு தராத பழக்கத்தை இந்த வகுப்பு தந்தது.

மறு ஆண்டு டர்பனில், முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி ஒரு தமிழர் வந்து நின்றார். பாலசுந்தரம் என்ற ஒப்பந்தக் கூலி. அடித்தது அவருடைய முதலாளி. காந்திக்குத் தமிழ் தெரியாது. அவருடைய தமிழ் எழுத்தர் மொழிபெயர்த்தார். முதலில் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. வெள்ளையர்முன் தலைப்பாகையைக் கழற்றி நிற்கவேண்டியிருந்த காலம் அது. எதிரே நிற்பவரின் கூச்சம் கூசிப்போனவருக்கு உடனே புலப்படுகிறது. வேறு முதலாளியிடம் பாலசுந்தரத்தை மாற்றிவிட்ட பிறகு, ஒப்பந்தக் கூலிகள் அவர் அலுவலகத்துக்கு வந்தவண்ணம் இருந்தார்கள்.

கூச்சம் அடியோடு போய்விட்டதாக அவர் சொல்லவில்லை. புதிய அவை என்றால் தயங்கியதாகவும், அந்தத் தயக்கமே சொற்களை எண்ணிச் செலவிடக் கற்றுத்தந்ததாகவும் எழுதியிருக்கிறார்.

இனி கேள்வி நேரம். எழுந்து நின்று கேட்க விருப்பமில்லாதவர்கள் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பலாம். பெயர் வேண்டாம், நான் வாசிக்கிறேன். லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் தலைவரை மறுத்து ஒரு கருத்துச் சொல்லவேண்டி வந்தபோது, காந்தியும் அதை எழுதித்தான் கொடுத்தார். வேறொருவர் வாசித்தார். அவர் பக்கம் தோற்றது, அது வேறு விஷயம்.