துணை அதிபர் வேட்பாளர் யார்? முதலில் அந்த வரைபடத்தை மூடிவையுங்கள்

வணக்கம் நண்பர்களே. 2028 அமெரிக்க அதிபர் தேர்தலில் யாரோடு யார் சேர்ந்து நிற்பார்கள் என்ற ஊகங்கள் இப்போதே களைகட்டிவிட்டன. என் கணிப்பு என்ன என்று உங்களில் பலரும் கேட்கிறீர்கள். கட்டாயம் சொல்கிறேன். ஆனால் மாநில வரைபடத்தை விரித்துவைத்து இந்த ஊகத்தை நாம் எல்லோரும் செய்கிற முறையிலேயே எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. முதலில் அதைப் பேசிவிடுகிறேன்.

2024 ஆகஸ்ட் முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். ஜூலை 21 அன்று பைடன் விலகினார், கமலா ஹாரிஸ் களத்துக்கு வந்தார். தமக்கு ஒரு துணை அதிபர் வேட்பாளரைத் தேடிக்கொள்ள அவருக்குக் கிடைத்தது இரண்டே வாரம், அதற்கு மேல் ஓரிரு நாள். இருவரும் சேர்ந்து முதல்முறையாக மேடையேறும் ஊர் பிலடெல்பியா என்று செய்தி வந்ததுதான் தாமதம். பிலடெல்பியா இருப்பது பென்சில்வேனியாவில், அந்த மாநிலத்தின் ஆளுநர் ஜோஷ் ஷபிரோ, ஆகவே ஷபிரோதான் என்று ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது. ஆகஸ்ட் 6 அன்று வெளிவந்த பெயர் மினசோட்டா ஆளுநர் டிம் வால்ஸ். அன்று மாலை டெம்பிள் பல்கலைக்கழக அரங்கில் ஷபிரோவும் பேசத்தான் செய்தார், ஆனால் அந்த மாநிலத்தின் ஆளுநராக மட்டும். அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்து வருபவர், நம் முதலமைச்சரைப் போல அதிகாரம் உள்ளவர். அதனால்தான் இந்தப் பட்டியல்களில் ஆளுநர்கள் பெயர் இத்தனை அடிபடுகிறது.

தேர்தல் முடிந்த பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. ஷபிரோவை நிறுத்தியிருந்தால் ஹாரிஸ் வென்றிருப்பார் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர் வாக்குகள் என்று ஒதுக்கீடு உண்டு; பெரும்பாலும் அந்த மாநிலத்தில் வென்றவருக்கே அவை முழுதும் போகும். வெற்றிக்குத் தேவை 270. ஹாரிஸ் பெற்றது 226. பென்சில்வேனியாவின் 19-ஐ அப்படியே கூட்டினாலும் 245தான். மிச்சிகன், விஸ்கான்சின் இரண்டும் சேர்ந்து வந்திருந்தால்தான் சரியாக 270 தேறும். பென்சில்வேனியா ஆளுநர் ஒருவர் மிச்சிகனையும் விஸ்கான்சினையும் எப்படிக் கொண்டுவந்து சேர்ப்பார்? இந்தக் கேள்விக்கு யாரும் எனக்கு இதுவரை நேரான பதில் சொன்னதில்லை.

சொந்த மாநிலத்தை வென்று தருவார் என்ற நம்பிக்கையில் ஆளைத் தேடுவது பழைய பழக்கம். 1960-இல் கென்னடி லிண்டன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டார், ஐம்பதாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் டெக்சஸ் கிடைத்தது. எல்லோரும் எடுத்துக்காட்டும் உதாரணம் அதுதான், சரியான உதாரணமும்கூட. ஆனால் அதற்குப் பின்னால் வந்தவற்றைப் பாருங்கள். 1988-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸ், டெக்சஸ் செனட்டர் லாயிட் பென்ட்சனை எடுத்தார். அதே நாளில், அதே டெக்சஸ் மக்கள் பென்ட்சனை மறுபடியும் செனட்டுக்கு அனுப்பிவைத்தார்கள், அதிபர் பதவிக்கு மட்டும் எதிரணிக்கு வாக்களித்தார்கள். எதிரே நின்ற மூத்த புஷ்ஷும் டெக்சஸ்காரர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2004-இல் ஜான் எட்வர்ட்ஸ் வந்தார், வட கரோலினா வரவில்லை. 2012-இல் பால் ரயன் வந்தார், விஸ்கான்சின் வரவில்லை.

இன்னொரு பக்கம் திரும்புங்கள். 2000-இல் டிக் செனி, அவருடைய வயோமிங்குக்கு 3 வாக்குகள். 2008-இல் ஜோ பைடன், டெலவேருக்கு 3. அதே ஆண்டில் சாரா பேலின், அலாஸ்காவுக்கு 3. நாட்டிலேயே மிகக் குறைந்த வாக்குகள் உள்ள மாநிலங்கள் இவை. வரைபடம்தான் எல்லாம் என்றால் இந்த மூன்று பெயரையும் யார் ஊகித்திருக்க முடியும்?

அப்படியானால் எதைப் பார்ப்பது? தேர்ந்தெடுக்கிற அந்த வேட்பாளரின் மனத்தில் இருக்கும் அச்சத்தைப் பாருங்கள் என்கிறேன். ஒபாமா முதல்முறை செனட்டர், வெளிநாட்டு விவகாரம் தெரியாதவர் என்பார்களே என்ற கவலை அவருக்கு இருந்தது. பைடன் அப்போது செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவர். டெக்சஸ் ஆளுநராக மட்டுமே இருந்த இளைய புஷ்ஷுக்கு, பாதுகாப்புத் துறை அமைச்சராக இருந்த செனி வேண்டியிருந்தார். 2016-இல் டிரம்ப்பை ஆழ்ந்த மதப்பற்றுள்ள கிறிஸ்தவ வாக்காளர்கள் ஐயத்தோடு பார்த்தார்கள், மைக் பென்ஸ் வந்தார்.

அதே டிரம்ப் 2024-இல் ஏன் ஓஹையோ செனட்டர் ஜே.டி. வான்ஸை எடுத்தார்? ஓஹையோவை டிரம்ப் ஏற்கெனவே இரண்டு முறை வென்றிருந்தார், அது அவருக்குப் புதிதாகத் தேவைப்படவில்லை. ஆனால் 2021 ஜனவரி 6 அன்று தேர்தல் முடிவை ஏற்க மறுக்கும்படி அவர் கேட்டபோது, துணை அதிபராக வாக்கு எண்ணும் அவைக்குத் தலைமை வகித்த பென்ஸ் அதற்கு இணங்கவில்லை. அந்த இடத்தில் தாம் இருந்திருந்தால் வேறு விதமாக நடந்திருப்பேன் என்று 2024 தொடக்கத்திலேயே வான்ஸ் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். என் பார்வையில் அந்த ஒரு பதில், இருபது மாநிலக் கணக்குகளைவிடக் கனமான தடயம்.

ஹாரிஸ் விஷயத்துக்கே வருவோம். தம் மனத்தில் முதலிடத்தில் இருந்தவர் அப்போதைய போக்குவரத்துத் துறை அமைச்சர் பீட் புட்டிஜெஜ் என்று அவரே பின்னர் எழுதியிருக்கிறார். ஒரு பெண், அதுவும் கறுப்பினப் பெண், அவரோடு தன்பாலீர்ப்பை மறைக்காத ஓர் ஆண் என்றால் நாடு ஏற்குமா என்று அஞ்சி அந்தப் பெயரை விட்டுவிட்டார். படித்தபோது எனக்கு வேதனையாக இருந்தது. ஒரு நாட்டின் மனத்தை அதன் தலைவர்கள் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது அந்தப் பக்கத்தில் தெரிகிறது.

நம் ஊர்த் தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். ஹாரிஸின் தாய் ஷியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர். தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீகம் மன்னார்குடி அருகே துளசேந்திரபுரம். 2020-இல் பைடனின் துணை அதிபர் வேட்பாளராக ஹாரிஸ் பெயர் அறிவிக்கப்பட்டபோது அங்கே வைத்த பதாகைகளை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆனால் அதற்கு முந்தைய மாதங்களில் ஊகித்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? 2019 ஜூனில் மயாமியில் நடந்த விவாதத்தில் பைடனையே ஹாரிஸ் கடுமையாகத் தாக்கினார், அதனால் அவரை எடுக்க மாட்டார் என்றார்கள். எடுத்தார். நான்கு ஆண்டுகள் கழித்துப் பைடன் விலகியபோது, கட்சி திரும்பிப் பார்த்த முதல் முகம் ஹாரிஸ். 2020-இல் ஒருவர் தம் துணையைத்தான் தேடினார். 2024-இல் அதுவே கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வாக முடிந்தது.

இதுதான் எனக்கு உண்மையில் முக்கியமான இடம். இதுவரை 50 துணை அதிபர்கள். அவர்களில் 9 பேர் பதவிக்காலத்தின் நடுவில் அதிபர் நாற்காலியில் அமர வேண்டி வந்தது. 8 முறை மரணம், ஒரு முறை நிக்சனின் பதவி விலகல். கிட்டத்தட்ட ஐந்துக்கு ஒன்று. இவ்வளவு பெரிய வாய்ப்பை வைத்துக்கொண்டு நாம் மாநிலக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

1944 ஜூலை. சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு. ரூஸ்வெல்ட் நான்காவது முறையாக நிற்கிறார், உடல் தளர்ந்துவிட்டது. இன்னொரு நான்கு ஆண்டு தாங்குவாரா என்ற ஐயம் கட்சிப் பெரியவர்களுக்கு உள்ளூர இருந்தது. துணை அதிபர் ஹென்றி வாலஸை மாற்றியாக வேண்டும் என்று நினைத்தார்கள். மிசூரி செனட்டர் ஹாரி ட்ரூமனைப் பிடித்தார்கள். அவரோ ஜேம்ஸ் பர்ன்ஸை முன்மொழிவதற்காக அங்கே வந்தவர், எனக்கு வேண்டாம் என்று மறுத்துக்கொண்டே இருந்தார். பிளாக்ஸ்டோன் ஹோட்டல் அறையில் கட்சித் தலைவர் ஹானகன், ட்ரூமன் முன்னிலையில் ரூஸ்வெல்ட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். ரூஸ்வெல்ட் அப்போது சான் டியாகோவில் இருந்தார். அவருக்கு எப்போதும் கணீரென்ற குரல். அந்த ஆளைச் சம்மதிக்க வைத்துவிட்டீர்களா என்று கேட்டது ட்ரூமன் காதிலேயே விழுந்தது. இல்லை, பிடிவாதம் பிடிக்கிறார் என்றார் ஹானகன். போர் நடுவில் கட்சியை உடைக்க வேண்டுமென்றால் அந்தப் பழி அவருடையது என்று சொல்லுங்கள் என்றார் ரூஸ்வெல்ட், தொலைபேசியை வைத்துவிட்டார். அதன் பிறகு ட்ரூமனால் மறுக்க முடியவில்லை. முதல் சுற்று வாக்கெடுப்பில் வாலஸ்தான் முன்னிலை. இரண்டாம் சுற்றில் ட்ரூமன்.

துணை அதிபராகப் பதவியேற்று 82 நாள். 1945 ஏப்ரல் 12 அன்று மாலை நாடாளுமன்றத்தில் சபாநாயகர் ரேபர்ன் அறைக்கு வந்தார் ட்ரூமன். உடனே வெள்ளை மாளிகைக்கு வரும்படி தகவல் காத்திருந்தது. அங்கே எலினார் ரூஸ்வெல்ட் தம் கணவரின் மறைவைச் சொன்னார். உங்களுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டுமா என்று ட்ரூமன் கேட்டார். உங்களுக்கு நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா, இப்போது துன்பத்தில் இருப்பவர் நீங்கள்தான் என்று பதில் வந்தது. அணுகுண்டு ஒன்று தயாராகிக்கொண்டிருக்கும் செய்தியைப் போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சன் அவரிடம் முதன்முதலில் சொன்னதே அதிபராகப் பதவியேற்ற அன்றிரவுதான். முழு விவரம் ஏப்ரல் 25 அன்று கிடைத்தது. துணை அதிபராக இருந்தவரிடம் இதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அவசரத்தில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1972. மயாமி பீச் மாநாட்டில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன் கேட்டவர்கள் பலரும் மறுத்தார்கள். கெடு நெருங்கியது. செனட்டர் தாமஸ் ஈகிள்டனை ஒரு சிறு தொலைபேசிப் பேச்சிலேயே முடிவு செய்தார்கள். மனச்சோர்வுக்காக அவர் மருத்துவமனையில் இருந்ததும், மின் அதிர்வுச் சிகிச்சை பெற்றதும் பிறகுதான் வெளியே வந்தன. 18 நாளில் அவர் விலகினார். நோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொள்வது குற்றமில்லை. அதன் பின்னும் அவர் நெடுங்காலம் செனட்டராக நன்றாகவே பணியாற்றினார். ஆனால் அன்றிலிருந்து வருமானவரிக் கணக்கு, மருத்துவ ஆவணம், பழைய பேச்சு என்று ஒவ்வொன்றையும் குடைந்து பார்க்கும் வழக்கம் வலுத்தது.

சரி, 2028. இவை என் ஊகங்கள் மட்டுமே.

டிரம்ப் மூன்றாம் முறை நிற்க அரசியலமைப்பில் இடமில்லை. குடியரசுக் கட்சியில் வான்ஸ் வேட்பாளரானால் மார்கோ ரூபியோ பெயர் வலுவாக வரும் என்று நினைக்கிறேன். 2025-இல் டிரம்ப்பே இருவர் பெயரையும் சேர்த்துப் பேசினார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு மாநிலத்துத் தேர்வாளர்கள் தங்கள் மாநிலத்தவர் இருவருக்குமே வாக்களிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 12-ஆவது திருத்தம். டிரம்ப்பும் புளோரிடா, ரூபியோவும் புளோரிடா. 2024-இல் ரூபியோவை எடுத்திருந்தால் அந்த மாநிலத்தின் 30 வாக்குகளுக்குச் சிக்கல் வந்திருக்கும். 2000-இல் டெக்சஸில் குடியிருந்த செனி, இதற்காகவே வயோமிங்குக்குப் போய் வாக்காளராகப் பதிந்துகொண்டார். வான்ஸ் ஓஹையோக்காரர் என்பதால் ரூபியோவுக்கு அந்தத் தடை இனி இல்லை. வான்ஸின் அச்சம் என்னவாக இருக்கும்? செனட்டில் இரண்டே ஆண்டு இருந்தவர், பழைய குடியரசுக் கட்சிக்காரர்கள் தம்மை முழுதாக நம்புவார்களா என்பதுதான். 2011 முதல் செனட்டில் இருந்து, பின்பு வெளியுறவு அமைச்சரான ரூபியோ அதற்குப் பொருத்தம். ரூபியோவே முதலிடத்துக்கு ஆசைப்படாவிட்டால், அதுதான் என் கணிப்பு.

ஜனநாயகக் கட்சியில் கூட்டம் அதிகம். கலிபோர்னியாவின் கேவின் நியூசம் முன்னுக்கு வந்தால், ஹாரிஸ் அவரோடு சேர்வது கடினம், அவரும் கலிபோர்னியாக்காரர், அதே 12-ஆவது திருத்தம்தான், அங்கே 54 வாக்குகள். நியூசத்தின் அச்சம் எளிதில் ஊகிக்கக்கூடியது. கடற்கரை மாநிலத்துப் பணக்கார இடதுசாரி என்ற முத்திரை. அப்படியென்றால் நான் கென்டக்கி ஆளுநர் ஆண்டி பெஷியரைப் பார்க்கிறேன். அவர் கென்டக்கியை வாங்கித் தர மாட்டார். 2024-இல் டிரம்ப் அங்கே 30 விழுக்காடு வித்தியாசத்தில் வென்றார். ஆனால் அப்படிப்பட்ட மாநிலத்தில் 2019-லும் 2023-லும் ஆளுநர் தேர்தலில் வென்று, நிர்வாகம் நடத்திக் காட்டியவர் அவர். நாளைக்கே நாற்காலியில் உட்கார வேண்டி வந்தால் தடுமாற மாட்டார் என்பது என் எண்ணம்.

உங்கள் கணிப்பையும் கீழே எழுதுங்கள். பெயரோடு, அந்த வேட்பாளரின் அச்சம் எது என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அடுத்த காணொளியில் பெஷியரின் கென்டக்கி வெற்றிகளை விரிவாகப் பார்க்கலாம். நன்றி, வணக்கம்.