மூழ்கும் காயும் மிதக்கும் காயும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சேலத்தை அடுத்த குப்பனூர்ப் பக்கம், சேர்வராயன் மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் நான். மல்கோவா மரங்கள் மாமனாருடைய அப்பா வைத்தவை. இமாம் பசந்து மாமனார் வைத்தது. இப்போது என் மகன் ஒட்டுக்கன்றுகளை நெருக்கி நட்டு, சொட்டுநீர்க் குழாய் போட்டிருக்கிறான். உள்ளூரில் விளைந்ததை ஏன் வாங்க வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் குறித்து வந்திருக்கிறேன். முதலில் மாங்காய்.

கல்யாணம் ஆன முதல் வருஷம். சித்திரை மாசம். ஆசையாக ஒரு கூடை மாங்காய் பறித்துக்கொண்டு வந்தேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. கூடையோடு வாங்கி, மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டியில் கொட்டினார். பாதிக்கு மேல் மிதந்தது. "மெதக்கறதெல்லாம் ஊறுகாய்க்கு எடுத்துக்க. முழுகுனது மட்டுந்தான் பழுக்கும்" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

காரணம் பிறகுதான் புரிந்தது. காய் முற்ற முற்ற உள்ளே மாவு சேரும், கனம் கூடும், அதனால் மூழ்கும். வைக்கோலில் போட்டால் அந்த மாவுதான் சர்க்கரையாகிறது. முற்றாத காயில் மாவே இல்லையே, எதிலிருந்து இனிப்பு வரும்? கார்பைடு கல் வைத்தால் தோல் மஞ்சளாகும். அதைத் தடை செய்துவிட்டார்கள், சரி. ஆனால் தடையில்லாத முறையில் பழுக்க வைத்தாலும் பிஞ்சு பிஞ்சுதான். நிறத்தை ஏற்றலாம், மாவை ஏற்ற முடியாது.

ஒரு வருஷம் பணமுடை. பூவிலேயே தோப்பைக் குத்தகைக்கு விட்டோம். எடுத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு முதல் லாரி போய்ச் சேர வேண்டும், முதல் லாரிக்குத்தான் விலை. காய் முற்றி, காம்புக்குப் பக்கத்தில் புடைத்துத் தோள் எடுக்கும் முன்னாலேயே உலுக்கித் தள்ளிவிட்டார்கள். கிளை முறிந்தது தனிக்கதை. இரண்டு வாரம் கழித்து டவுனில் இருக்கிற என் நாத்தனார் போன் செய்கிறார்: "அண்ணி, நம்ம தோப்புப் பழம்னு சொல்லிக் குடுத்தாங்க. புளி கரைக்கலாம் போல இருக்கு!" நான் என்னத்தைச் சொல்ல?

அதற்குப் பிறகு நாங்களே பறிக்கிறோம். வலைக்கோலில் ஒவ்வொன்றாக, காம்போடு. காம்பு அடியோடு ஒடிந்தால் பால் பீய்ச்சி அடிக்கும். காயில் பட்டால் தோல் கருகும், கையில் பட்டாலும் அப்படித்தான்; என் மணிக்கட்டில் இன்னும் தழும்பு இருக்கிறது. காம்பைக் கிள்ளி, காயைக் கவிழ்த்துப் பால் வடியவிட்டு, மறுநாள் விடியக்காலம் அம்மாபேட்டை உழவர் சந்தை. முப்பது கிலோமீட்டருக்குள் நீங்கள் இருப்பதால்தான் இன்னும் ஒரு வாரம் மரத்திலேயே விட்டுவைக்க முடிகிறது. இதைத் திரும்பவும் சொல்கிறேன்: எங்கள் காயை என்றைக்குப் பறிப்பது என்பதை உங்கள் வீட்டுத் தூரம்தான் முடிவு செய்கிறது.

இரண்டாவது, பணம். உழவர் சந்தை 1999-இல் மதுரையில் தொடங்கியது. அங்கே இடைத்தரகர் கிடையாது, விலையைப் பலகையில் எழுதிவிடுவார்கள். காய்ப்பு குறைந்த வருஷத்தில்கூட... மாமரம் ஒரு வருஷம் காய்த்தால் மறுவருஷம் ஓய்வெடுக்கும், தெரியுமில்லையா... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார். ஒரு நிமிஷமாம்.

மூன்றாவது ஏற்காடு. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பி, சில்வர் ஓக் மரத்தில் ஏறுகிற மிளகு, ஆரஞ்சு என்று ஒரு தாள் நிறைய எழுதியிருந்தேன். மலைக்குப் போகிறவர்கள் திரும்பும்போது மிளகு கால் கிலோவாவது வாங்கி வாருங்கள். மல்கோவாவுக்கு ஆனி மாசம் வரை பொறுத்திருங்கள். சித்திரையில் யாராவது மல்கோவா என்று நீட்டினால், ஒரு வாளித் தண்ணீர் கேளுங்கள். வணக்கம்.