கண்ணாடி காட்டாத அழுத்தம்

மதிப்பிற்குரிய அடித்தள ஆலோசகர் அவர்களே, தலைமை தாங்கும் நற்பணிச் செயற்குழுத் தலைவர் அவர்களே, தம் நோயாளிகளைக் கவனித்து முடித்த கையோடு இங்கு வந்து அமர்ந்திருக்கும் மருத்துவர் அவர்களே, பொன்னாடை போர்த்திச் சிறப்பித்த மூத்தோர் குழுவினரே, தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பார்கள். நம் உடலைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணத்துக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை மெலிந்தோர், பருத்தோர் என இரண்டு நிலைகளில் பேசப் பணித்திருக்கிறார்கள்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரு பெரியவர் இருக்கிறார். கப்பல் பட்டறையில் உழைத்து ஓய்வுபெற்றவர், ஒல்லியான தேகம். அவருடைய மனைவியோ சற்றுப் பூசினாற்போல இருப்பார். கீழ்த்தளத்தில் உடல்நலப் பரிசோதனை நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நீ போய்ப் பார், எனக்கெதற்கு? காற்றடித்தால் பறந்துவிடுவேன்" என்று சொல்லி, மனைவியின் கைப்பையைச் சுமந்தபடி வரிசைக்கு வெளியே நின்றார். அம்மையாருக்கு இரத்த அழுத்தம் 124/78. தாதி வற்புறுத்திப் பெரியவர் கையிலும் பட்டையைச் சுற்றினார்: மிக உயர்ந்து 176/102. இயந்திரம் பழுது என்றார் பெரியவர். வேறு இயந்திரத்தில் பார்த்தார்கள், கையை மாற்றியும் பார்த்தார்கள், எண் இறங்கவேயில்லை. "ஒல்லியானவனுக்கு எப்படியம்மா வரும்?" என்று அவர் கேட்டபோது, சுற்றி நின்ற எங்களில் பாதிப்பேருக்கு அதே கேள்விதான் மனத்தில் இருந்தது.

விடை நம் தட்டில் இருக்கிறது. உப்பிலுள்ள சோடியத்துக்கு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமே வரம்பு. 2022இல் சிங்கப்பூரர் சராசரியாக உட்கொண்டதோ 3,620 மில்லிகிராம். உப்பு, வயது, பரம்பரை, உறக்கக் குறைவு ஆகியவை இடுப்பளவைக் கேட்டு வருவதில்லை. மேலும், வெளியே மெலிந்து தோன்றும் ஆசியர் பலருக்கு வயிற்றினுள் உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு தேங்குகிறது. அது நரம்புத் தூண்டலைக் கூட்டி, சிறுநீரகம் உப்பை இருத்திக்கொள்ளச் செய்து, அழுத்தத்தை ஏற்றுகிறது. அதனால்தான் நமக்கு எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் எடைக் குறியீடு 23ஐத் தொட்டாலே எச்சரிக்கை என்கிறார்கள். கண்ணால் காண்பது பொய்.

பருத்தோர் நிலை வேறு. உறவினர் கேலிக்கு அஞ்சி மருத்துவரிடமே போகாமல் ஒதுங்குவோர் உண்டு. "நல்ல சதைப்பிடிப்பு" என்ற புகழ்ச்சியில் அமைதி கொள்வோரும் உண்டு. காதால் கேட்பதும் பொய்.

18 முதல் 74 வயதுக்குட்பட்டோரில் உயர் இரத்த அழுத்தமுடையோர் 2017இல் 24.2 விழுக்காடு, 2021–2022இல் 37 விழுக்காடு. பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. எனவேதான் செல்லும் மேடைதோறும் ஒன்றைக் கேட்டு வருகிறேன்: நம் கோயில் திருமண மண்டபங்களிலும் சங்கக் கட்டடங்களிலும் ஓர் இரத்த அழுத்தமானி நிரந்தரமாக இருக்க வேண்டும். பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து கையை நீட்டினால் போதும். தீர விசாரிப்பது அவ்வளவு எளிது. 140/90ஐத் தாண்டினால் பலதுறை மருந்தகத்துக்கோ, 40 வயதைக் கடந்தோர் ஹெல்தியர் எஸ்ஜி என்னும் அரசாங்க உடல்நலத் திட்டத்தில் பதிந்துகொண்ட குடும்ப மருத்துவரிடமோ செல்லலாம்.

ஆலோசகர் அவர்களே, தலைவர் அவர்களே, முதல் இயந்திரத்தை இந்த மன்றத்தின் வரவேற்பு மேசையருகே வைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதை இயக்கக் கற்றுத்தர வாரந்தோறும் வந்து நிற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். நன்றி, வணக்கம்.