எண்ணூற்றுத் தொண்ணூறாம் அலமாரி

நேயர்களுக்கு வணக்கம்.

உலகின் மிகப் பல நூலகங்களில் இன்றும் வழங்கிவரும் டியூயி தசமப் பகுப்பு முறை 1876ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவானது. அதில் இலக்கியத்துக்கென 800 முதல் 899 வரை நூறு எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கிலத்துக்கு 820, ஜெர்மனுக்கு 830, பிரெஞ்சுக்கு 840 என்று தொடங்கி, கிரேக்கத்துக்கு 880 வரை ஐரோப்பிய மொழிகள் பப்பத்து எண்களை எடுத்துக்கொள்ள, எஞ்சிய மொழிகளின் இலக்கியம் முழுவதும் 890 என்னும் ஒரே பத்துக்குள் அடைபட்டிருக்கிறது. ரஷ்யர், அரபியர், சீனர், ஜப்பானியர், ஆப்பிரிக்க மொழிகளின் எழுத்தாளர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். நம் தமிழ் இலக்கியமும் 894.811 என்ற எண்ணோடு அங்கேதான் நிற்கிறது. எந்த நூலகத்துக்குள் நுழைந்தாலும் நான் முதலில் தேடிச் செல்வது அந்த அலமாரியைத்தான். கவனிக்கப்படாத நூல்களைப் பற்றிப் பேச அழைத்தபோதும் அதுவே என் நினைவுக்கு வந்தது.

ஒரு நூல் மறக்கப்பட்டால் அதில் ஏதோ குறை இருந்திருக்க வேண்டும் என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். இது பெரும் பிழை. நூல் கைமாறும் வழி எங்கோ அடைபட்டுப்போவதே பல வேளைகளில் உண்மையான காரணம். மறுபதிப்பு நின்றுபோகலாம், மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் போகலாம், எழுதியவர் பெண் என்பதாலோ கருப்பினத்தவர் என்பதாலோ மதிப்புரை எழுதுவோர் அலட்சியமாகக் கடந்துபோயிருக்கலாம்.

ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்னும் அமெரிக்கக் கருப்பின எழுத்தாளரின் கதை இதை எனக்கு உணர்த்தியது. அவருடைய சிறந்த நாவலான ‘அவர்கள் கண்கள் கடவுளை நோக்கியிருந்தன’ 1937இல் வெளிவந்தது. 1960இல் அவர் ஃபுளோரிடா மாநிலத்தில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் இறந்தபோது அவருடைய நூல்கள் பதிப்பில் இல்லை. அடக்கம் செய்த இடத்தில் பெயர் பொறித்த கல்லும் இல்லை. 1973இல் ஆலிஸ் வாக்கர் என்னும் இளம் எழுத்தாளர், தம்மை அவருடைய உடன்பிறந்தாரின் மகள் என்று சொல்லிக்கொண்டு, களை மண்டிய அந்த இடுகாட்டில் தேடி நடந்து, ஹர்ஸ்டனின் கல்லறை இதுவாகத்தான் இருக்கும் என்று பட்ட இடத்தில் ஒரு கல் நாட்டினார். அதில் பொறித்த பிறந்த ஆண்டுகூடச் சரியானதன்று. ஆனால் அந்தத் தேடலைப் பற்றி 1975இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் வாசகர்களும் பதிப்பாளர்களும் ஹர்ஸ்டன் பக்கம் திரும்பினார்கள். இன்று அந்த நாவல் பல்கலைக்கழகப் பாடங்களில் இடம்பெறுகிறது. தாம் நேசித்த எழுத்தை விட மறுத்த ஒரு வாசகரால் இது நடந்தது.

இதைச் சொல்லும்போது 1880இல் கும்பகோணத்தில் நடந்த உரையாடலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன நூல்களைப் படித்திருக்கிறீர்கள் என்று உ.வே. சாமிநாதையரைக் கேட்டார். ஐயர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று நீண்ட பட்டியலைச் சொல்லியும் அவர் நிறைவடையாமல் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். அதன் விளைவாக 1887இல் சிந்தாமணியும், 1894இல் புறநானூறும் அச்சில் வந்தன. படித்ததுண்டா என்று ஒருவரை ஒருவர் கேட்பதைவிட நல்ல பரிந்துரைமுறை எதையும் நான் இதுவரை கண்டதில்லை.

வகைமையின் பெயராலும் நூல்கள் ஒதுக்கப்படுகின்றன. அறிவியல் புனைவு என்று முத்திரை குத்திவிட்டால் தீவிர வாசகர் பலர் அதைத் தொடுவதே இல்லை. 1937இல் முர்ரே கான்ஸ்டன்டைன் என்ற ஆண் பெயரில் ‘ஸ்வஸ்திகா இரவு’ என்னும் ஆங்கில நாவல் வந்தது. நாஜி ஆட்சி நூற்றாண்டுகள் நீடித்து, பெண்கள் கால்நடைகளைப்போல் அடைத்துவைக்கப்பட்ட எதிர்காலம் ஒன்றை, ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ வெளிவருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே அது காட்டியது. எழுதியவர் கேத்தரின் பர்டெகின் என்னும் பெண் என்பது, 1963இல் அவர் மறைந்து சுமார் இருபது ஆண்டுகள் கழித்தே வெளியுலகுக்குத் தெரிந்தது. போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்வாஃப் லெம் 1961இல் எழுதிய ‘சோலாரிஸ்’ உலகப்புகழ் பெற்றது உண்மைதான். ஆனாலும் 1970இல் வந்த அதன் ஆங்கில வடிவம் பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து செய்யப்பட்டது. மூலத்திலிருந்து நேராகச் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2011இல்தான் வந்தது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே லெம் காலமாகிவிட்டார். புகழ்பெற்ற நூலுக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத நூல்களை நினைத்து எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

எப்படித் தேடுவது? விற்பனைப் பட்டியல்களைச் சிறிது காலம் மறந்துவிடலாம். ஒரு நூல் பிடித்திருந்தால், அதை மொழிபெயர்த்தவரின் பெயரைக் குறித்துக்கொண்டு, அவர் வேறு எவற்றை மொழிபெயர்த்திருக்கிறார் என்று பாருங்கள். நல்ல மொழிபெயர்ப்பாளரின் சுவை நமக்கு நம்பகமான வழிகாட்டி. மறைந்துபோன நூல்களை மீட்பதையே பணியாகக் கொண்ட பதிப்பு வரிசைகளும் உள்ளன. லண்டனின் விராகோ பதிப்பகம் 1978இல் தொடங்கிய செவ்வியல் வரிசை, மறக்கப்பட்ட பெண் எழுத்தாளர் பலரை மீண்டும் வாசகர் கையில் சேர்த்தது. முன்னுரைகளையும் அடிக்குறிப்புகளையும் தாண்டிப் போய்விடாதீர்கள்; எழுத்தாளர்கள் தாங்கள் கடன்பட்ட நூல்களின் பெயரை அங்கேதான் சொல்கிறார்கள்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல நூலகங்களில் இடப்பற்றாக்குறையால், நெடுங்காலம் எவரும் இரவல் பெறாத நூல்களைக் கழித்துவிடுகிறார்கள். ஆகவே, நீங்கள் எடுத்துச்சென்று படிக்கும் ஒரு பழைய நூல், அந்த ஒரு செயலாலேயே இன்னும் சில ஆண்டுகள் அலமாரியில் இருக்கும் வாய்ப்பைப் பெறுகிறது. ஹர்ஸ்டன் 1931இல் எழுதி முடித்த இன்னொரு நூல் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஒரு முதியவரின் வாய்மொழியை அவர் பேசிய பேச்சிலேயே பதிவு செய்த ‘பராக்கூன்’ அது. அந்தப் பேச்சு மொழியை மாற்ற ஹர்ஸ்டன் இசையவில்லை, நூல் வெளிவரவில்லை, கையெழுத்துப் படி பல்கலைக்கழகக் காப்பகம் ஒன்றில் இருந்தது. 2018இல் அது அச்சேறியது. எண்பத்தேழு ஆண்டுகள் காத்திருந்த அந்த முதியவரின் குரலை இப்போது எவரும் கேட்கலாம்.

நன்றி. வணக்கம்.