லயத்துக்கு மேலே இருக்கும் மலை யாருடைய பொறுப்பு?

(பண்டாரவளையில் பிரதேச சபை உறுப்பினர்கள், கிராம உத்தியோகத்தர்கள், தோட்டத் தலைவர்மார், ஆசிரியர்கள், இளைஞர்கள் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வேலை நாளிலும் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் அம்மாமாரே, ஐயாமாரே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பதுளை மாவட்டத்தில் நின்றுகொண்டு மக்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதென்றால் மீரியபெத்தையிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், கொஸ்லாந்தைப் பக்கம் மலை இறங்கி, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பிப் போக வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. இது உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் பேச வந்தது அந்தக் காலைக்கு முந்திய ஒன்பது வருடங்களைப் பற்றி.

2005ஆம் ஆண்டே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் அந்த இடம் ஆபத்தானது என்று சொல்லிவிட்டது. 2011இல் மறுபடியும் சொன்னது. அங்கே குடியிருப்பவர்களை வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்பதுதான் பரிந்துரை. அதாவது, அந்த மலை வரும் என்பது அரசாங்கத்தின் ஒரு கைக்குத் தெரிந்திருந்தது. மற்றக் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதுதான் நம்முடைய கேள்வி.

கொஞ்சம் பொறுமையாக இதைப் பார்ப்போம். நிறுவகத்துக்கு ஆராயவும் பரிந்துரைக்கவும்தான் அதிகாரம். ஒரு குடும்பத்தைக்கூட அதனால் இன்னொரு இடத்தில் குடியேற்ற முடியாது. அறிக்கை மாவட்டச் செயலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் போகும். பிரதேச செயலாளர் மக்களை வெளியேறச் சொல்லலாம். சரி, எங்கே போகச் சொல்வது? மாற்றுக் காணி தோட்டத்துக்குள்தான் இருக்கிறது. அது அரசாங்கக் காணி, ஆனால் 1992க்குப் பிறகு நீண்ட காலக் குத்தகையில் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில் இருக்கிறது. கம்பனியைக் கேட்டால், வீடமைப்பு பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் விடயம் என்று சொல்வார்கள். நிதியம் காணி விடுவிப்புக்காக அமைச்சைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிரதேச சபைக்கோ 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு முட்டுக்கட்டையாக நின்றது. தோட்டத்துக்குள் ஒரு படிக்கட்டுக் கட்டுவதென்றாலும் அந்தப் பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அது திருத்தப்பட்டதே 2018இல்தான்.

ஆக, அந்த லயம் எல்லா அலுவலகத்தின் வரைபடத்திலும் இருந்தது. எந்த அலுவலகத்தின் கடமைப் பட்டியலிலும் இருக்கவில்லை. எல்லோரும் தங்கள் கோப்பை ஒழுங்காகத்தான் வைத்திருந்தார்கள், அதனால் யாரையும் குறை சொல்ல முடியாது என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. கோப்பு ஒழுங்காக இருப்பது ஒரு பொறுப்பு, அந்தக் கோப்பில் உள்ள ஆட்கள் உயிரோடு இருப்பது இன்னொரு பொறுப்பு. இரண்டாவதைக் குறிப்பிட்ட ஒருவரின் பெயரில் எழுதிவைக்காத வரைக்கும் அது யாருக்கும் சொந்தமில்லாமலே கிடக்கும்.

அதற்குப் பிறகு நிலைமை மாறியதா? ஓரளவு மாறியது. தோட்டத்துக்குள் வேலை செய்யப் பிரதேச சபைகளுக்கு வழி திறந்தது. நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என்று புதிய சபைகள் வந்தன. ஆனால் 2023 மார்ச்சில் நாட்டிலுள்ள சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரைக்கும் பெரும்பாலான இடங்களில் உறுப்பினர்களே இல்லை. அதே 2023 மார்ச்சில்தான் பூணாகலை கபரகலையில் மண் சரிந்து லயக் குடும்பங்கள் வீடிழந்தன. அப்புறம் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பட்ட அடியை இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்களில் பலர் அந்த வாரம் எத்தனை பிரேதங்களைப் பார்த்தீர்கள் என்பதை உங்கள் முகமே சொல்கிறது.

இப்போது எச்சரிக்கைக்கு வருவோம். நமது அமைப்பில் மழையின் அளவை வைத்து மூன்று நிலைகள் இருக்கின்றன. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், அது மஞ்சள். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 மில்லிமீற்றர் பெய்தாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ வெளியேற வேண்டும், அது சிவப்பு. இதில் கஷ்டமான கணக்கு எதுவும் இல்லை. அடியும் வாயும் ஒரே அகலமான நேர்ப் பாத்திரத்தை வெட்டவெளியில் வைத்தால், ஏழரை சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் அது 75 மில்லிமீற்றர். கொழும்பிலிருந்து செய்தி வரும்வரை காத்திருக்காமல் நம் பிள்ளைகளே அளந்து சொல்லலாம். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மழை மாறுகிற நாடு இது. டவுனில் வைத்த மானி காட்டுவது உங்கள் மேல் டிவிஷனின் மழையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

மழையை விட்டாலும் மலை தானாகவே சொல்லும். சுவரில் புது வெடிப்பு, இறுகிப்போய்ச் சாத்த முடியாத கதவு, சாய்ந்து நிற்கும் சவுக்கு மரம், இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று, நாள்தோறும் தெளிவாக வந்த பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது. இதையெல்லாம் முதலில் காண்பவர் குடம் எடுத்துப் போகும் பெண். அவர் அதை யாரிடம் சொல்வார்? கங்காணியிடம் சொல்வார், கங்காணி தோட்ட முகாமையாளரான துரையிடம் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். 117 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் எடுக்கும். அங்கே பேசுபவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும், நம் தோட்டத்தின் பெயரைச் சொன்னால் அது எங்கே என்று புரிய வேண்டும். எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வருவதும், சில வேளை வராமலே போவதும் இந்த மாவட்டத்தில் உயிர் சம்பந்தப்பட்ட விடயம். மொழி உரிமைக் கூட்டத்தில் பேசிவிட்டுப் போகிற ஒன்றாக அதை நான் நினைக்கவில்லை. அனர்த்தக் குழுவின் நிகழ்ச்சிநிரலில் அது முதல் வரியாக வர வேண்டும்.

கான்களை, அதாவது மலையில் வெட்டும் வடிகால்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் திட்டமிடலாகவே பார்ப்பதில்லை. தேயிலை மலையில் கான் வெட்டுவது பழைய காலத்தில் ஒழுங்கான வேலை. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் மலையின் குறுக்கே ஓடி ஓடையில் சேரும். இன்றைக்கு ஆள் குறைந்து, செலவு குறைத்து, எத்தனையோ மலைகளில் கான் தூர்ந்து கிடக்கிறது. தண்ணீர் நின்று, ஊறி, மண்ணைக் கனமாக்கி, உள்ளே பிடிமானத்தைத் தளர்த்துகிறது. அதே சரிவுக்குக் கீழே வீதியை அகலமாக்க மண்ணை நேராக வெட்டுகிறார்கள். வீதியின் மதகுத் தண்ணீரை இன்னொரு லயத்தின் தலைக்கு மேல் திருப்பி விடுகிறார்கள். மேலே கம்பனி, நடுவே பிரதேச சபைப் பாதை, கீழே வீதி அபிவிருத்தி அதிகார சபை. தண்ணீருக்கு இந்த எல்லைகள் எதுவும் தெரியாது. ஒரே சரிவில் வேலை செய்யும் மூன்று தரப்பின் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் வருடத்தில் ஒரு நாள் சேர்ந்து அந்தச் சரிவை மேலிருந்து கீழே நடந்து பார்த்தால், ஆயிரம் பக்க அறிக்கையில் கிடைக்காதது கிடைக்கும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம். ஒரு கடிதமும் ஒரு ஜீப்பும் போதும்.

அடுத்தது மிக முக்கியமானது. சிவப்பு எச்சரிக்கை வந்த பிறகும் மக்கள் போகவில்லை என்று அதிகாரிகள் சலித்துக்கொள்வதை நாம் கேட்கிறோம். ஏன் போகவில்லை? அன்றைக்கு வேலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, அதாவது அந்த நாள் வேலைக் கணக்கில் சேராது. பேர் இல்லையென்றால் அந்த மாதச் சம்பளத்தில் அடி விழும். கொட்டிலில் பசு நிற்கிறது, அதை யார் பார்ப்பார்கள்? பாடசாலைக்குப் போகச் சொல்கிறார்கள், பாடசாலைத் திறப்பு, அதாவது சாவி, அதிபர் வீட்டில், அதிபர் வீடு பல மைல் தூரத்தில். வயசுக்கு வந்த பிள்ளைகளோடு ஒரே மண்டபத்தில் இரவைக் கழிக்க வேண்டும், மலசலகூடம் இரண்டுதான். இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம் இருக்கிறது. பேர் விடயம் தோட்ட நிர்வாகத்தினுடையது. சிவப்பு எச்சரிக்கை நாளில் வெளியேறியவருக்குப் பேர் வெட்டப்படாது என்று மழைக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும், தொழிற்சங்கங்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். மாட்டுக்குக் கால்நடை வைத்திய அலுவலகம். திறப்புக்கு வலயக் கல்விப் பணிமனை. மலசலகூடத்துக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொலிஸ், முடிந்தால் தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர். இதையெல்லாம் ஒரே மேசையில் வைத்துப் பேசாமல், போ என்று மட்டும் சொன்னால் மக்கள் எப்படிப் போவார்கள்?

அந்த மேசை ஏற்கெனவே இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்துக்குப் பிறகு மாவட்டம், பிரதேசம், கிராம உத்தியோகத்தர் பிரிவு என்று குழுக்களை அமைக்கும் ஒழுங்கு வந்தது. பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவும் கூடிக்கொண்டுதான் இருக்கிறது. குறை எங்கே என்றால், பல இடங்களில் தோட்டத்துரை அங்கே அழைக்கப்பட்டால் வருவார், இல்லாவிட்டால் இல்லை. லயத்து மக்களின் பிரதிநிதி அதற்கும் குறைவு. அங்கே பேசுவதும் பெரும்பாலும் நடந்த சேதத்துக்கான நிவாரணம். மழை வருமுன் பேசும் கூட்டம்தான் நமக்கு வேண்டியது. அதன் திகதியும் எல்லா இடத்துக்கும் ஒன்றாக இருக்க முடியாது. கினிகத்தேனை, நோர்வூட் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்குகிறது, அவர்கள் ஏப்ரலுக்குள் கூட வேண்டும். நமக்கு ஆபத்து ஒக்டோபரிலிருந்து, நாம் செப்டெம்பருக்குள் முடிக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பக்கத் தாள் தயாராக வேண்டும் என்பது என் ஒரே கோரிக்கை. இந்த லயத்துக்கு மேலே உள்ள சரிவைப் பற்றி நிறுவகம் என்ன சொல்லியிருக்கிறது, மழையை அளப்பவர் யார், இரவில் கதவைத் தட்டுபவர் யார், எந்தக் கட்டடத்துக்குப் போவது, திறப்பு யாரிடம், நடக்க முடியாதவர்கள் யார், அவர்களை ஏற்றத் தோட்ட லொறி தரப்படுமா. கீழே பிரதேச செயலாளர், பிரதேச சபைத் தவிசாளர், தோட்ட முகாமையாளர், பொலிஸ் பொறுப்பதிகாரி ஆகிய நால்வரும் பெயரெழுதிக் கையெழுத்திட வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் பிள்ளைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒட்ட வேண்டும். கையெழுத்து இருந்தால் பிறகு யாரும் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. வெளியேற்றுவது ஓர் இரவுக்கான வேலை. சிவப்பு வலயத்தில் உள்ள லயத்தை நிரந்தரமாக மாற்றுவதுதான் உண்மையான திட்டமிடல். மீரியபெத்தை மக்களுக்குப் புதிய வீடு கிடைக்க இரண்டு வருடங்கள் ஆனது. காணியை ஆபத்துக்கு முன்பே அடையாளம் கண்டு வைத்திருந்தால் அவ்வளவு காலம் எடுத்திருக்குமா? காணி கொடுக்கும்போது உறுதிப் பத்திரமும் கொடுக்க வேண்டும். லயத்தில் இருப்பவர் கையில் பத்திரம் எதுவும் இல்லை. சேத விபரம் எழுத வருகிற உத்தியோகத்தர் உரிமையாளர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்துகிறார். நான்கு தலைமுறை வாழ்ந்த வீடு இடிந்தாலும் நட்டஈட்டுப் படிவத்தில் இவர்கள் வெறும் குடியிருப்பவர்கள். பாதுகாப்பையும் காணி உரிமையையும் இரண்டு தனி விடயங்களாக நடத்துகிற வரைக்கும் இது திருந்தாது என்பது என் உறுதியான எண்ணம்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் தோட்டத்துக்கு நிறுவகம் எப்போதாவது வந்து பார்த்திருந்தால் அதற்கு அறிக்கை இருக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அதன் பிரதியைக் கேட்டு வாங்கலாம். பிரதேச செயலகத்தில் தகவல் உத்தியோகத்தர் இருக்கிறார். தமிழில் எழுதிக் கொடுங்கள், கிடைத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். பழைய அறிக்கை வந்தால் வைத்துக்கொள்ளாமல் தலைவரிடமும் சபை உறுப்பினரிடமும் கொடுங்கள். அறிக்கையே இல்லையென்று பதில் வந்தால், ஆய்வு செய்யச் சொல்லி அடுத்த கடிதத்தை எழுதுங்கள்.

பிரதேச சபை உறுப்பினர்கள் பலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். அடுத்த மாத அமர்வில் இந்த ஒரு பக்கத் தாளைப் பிரேரணையாகக் கொண்டுவர உங்களில் யார் தயார் என்பதை இன்றைக்கே சொல்லுங்கள். இனிக் கேள்விகளுக்கு நேரம். தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் முதலில் பேசட்டும். அலுவலகங்களிலிருந்து வந்திருப்பவர்கள் தயவுசெய்து குறிப்பெடுங்கள்.